வரி கொடுக்காதவருக்கும் அரசு கடன்பட்டதா?

அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மௌரியப் பேரரசுக்கு உட்படாத அண்டை நாட்டாரை வரிசைப்படுத்துகையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரரையும் சொல்கிறது. இந்தச் சத்தியபுத்திரர் யார் என்ற விவாதம் நெடுங்காலம் நீடித்தது. 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியை அந்தப் பட்டத்தாலேயே குறித்தது. அவர்கள் தகடூர் அதியமான்கள் என்பது தெளிவாயிற்று. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் அவர்களுடைய நாடு. அந்த நாட்டிலும் மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாகவும், மூலிகை இல்லாத இடங்களில் வரவழைத்து நட்டதாகவும், வழிநெடுக மரம் வைத்துக் கிணறு வெட்டியதாகவும் அசோகர் சொல்கிறார். வரியும் தராத, ஆணைக்கும் கட்டுப்படாத மக்களுக்கு ஓர் அரசு ஏன் செலவிட வேண்டும்?

இது செல்வாக்கை விரிக்கும் தந்திரம் என்பார்கள். கொடுத்தவனே எழுதி வைத்த சாட்சி என்றும் சொல்வார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வெறும் புகழ்ச்சி தேடும் அரசன் தன் அதிகாரிகளின் குறையைப் பாறையில் வெட்டமாட்டான். கலிங்கத்தின் தௌலியிலுள்ள அசோகரின் தனிக் கல்வெட்டு, தோசலி நகர நீதி அதிகாரிகளிடம் பேசுகிறது: காரணமின்றிச் சிறைவைப்பது நடக்கிறது, பொறாமை, சினம், அவசரம், சோம்பல், சோர்வு ஆகியவற்றால் நீதி பிறழ்கிறது, இதைப் பார்க்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை கடுமையற்ற அதிகாரி ஒருவர் சுற்றி வருவார். பூச நாளில் இதை வாசிக்க வேண்டும், ஒரே ஓர் ஆள் இருந்தாலும் அவர் கேட்கட்டும் என்கிறது அந்தக் கல்வெட்டு. எழுதி வைத்த வாக்கு எழுதியவனையும் கட்டும். அதிகாரி தவறினால் சுட்டிக்காட்டக் குடிமகனுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. முன்சொன்ன இரண்டையும்விடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும் ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துக் கொண்டு போகப்பட்டதையும் வருந்திச் சொல்லும் பதின்மூன்றாம் கல்வெட்டு, கலிங்க மண்ணிலுள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் வெட்டப்படவில்லை. பாதிக்கப்பட்டவர் முன்னால் சொல்லாத வருத்தம் அரை வருத்தம்தான். கொண்டுபோகப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பியதாகவும் எந்தக் கல்வெட்டிலும் செய்தி இல்லை. அசோகரின் நிர்வாகத்தை மதிப்பவர்கள் இந்த மௌனத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அந்தக் கலிங்கமாகிய ஒடிசாவிலிருந்து இன்று, பழைய அதியமான் நாடான கிருஷ்ணகிரி வட்டாரத்தின் ஓசூர் சிப்காட்டுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் வருகிறார்கள். பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறார்கள். பலருக்கு இங்கே ஓட்டு இல்லை. அவரவர் மாநில அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்ற வாதம் கேட்க எளிது. ஆனால் இயந்திரத்தில் கை சிக்குவது இங்கே, உற்பத்தியின் பயன் சேர்வதும் இங்கே. ஒருவருடைய உழைப்பு எந்த மண்ணில் செல்வமாகிறதோ, அந்த மண்ணின் நிர்வாகத்துக்கு அவர்மேல் கடமை வந்துவிடுகிறது. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் பயணப்படி, இலவச மருத்துவ வசதி, புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் ஆகியவற்றை அன்றே அவர்களுக்கு உரிமையாக்கியது. எழுதிய உரிமை காதில் விழாவிட்டால் பயனில்லை. ஓசூர் ஆலைகளின் வாசலில் தொழிலாளர் உரிமைகளை ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி வைத்து, எழுத்தறியாதவருக்கு வாசித்தும் காட்டுவதைத் தொழிலாளர் துறை தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.