குதிரையும் பம்பரும்

பழைய கார் வைத்திருப்பவரா நீங்கள்? ஒரு நிமிஷம் வாசலுக்குப் போய், கறுப்பு பிளாஸ்டிக் பம்பரை விரலால் ஒரு தேய் தேய்த்துவிட்டு வாருங்கள். விரலில் சாம்பல் மாதிரி ஒட்டுகிறதா? அது வெறும் தூசி இல்லை சார். பிளாஸ்டிக்கேதான்!

வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர், பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து நொறுக்கிவிடுகிறது. கறுப்புக்காகக் கலந்த கார்பன் தூள் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும். மேலே பொடியாகிப் போன தோல்தான் வெளுப்பாகத் தெரிகிறது. டேஷ்போர்டு, சீட்டில் இருக்கும் வினைல் கதை வேறு. அதை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய் மாதிரியான பொருள் வெயிலில் மெள்ள வெளியேறிவிடும். அப்புறம் விறைக்கும், வெடிக்கும்.

என்னுடைய சின்ன கார் பத்து வருஷம் பெரம்பலூர் - அரியலூர் ரோட்டில் ஓடியது. டைனோசர் காலத்தில் அரியலூர்ப் பக்கம் கடலுக்கு அடியில் கிடந்த பூமி. சிப்பியும் நத்தையும் செத்துச் சேர்ந்த சுண்ணாம்புக் கல்லைத் தோண்டித்தான் இன்று அத்தனை சிமென்ட் ஆலைகள். சுண்ணாம்புக் கல் லாரிக்குப் பின்னால் போனால் முகத்தில் அடிக்கிற தூசி, மழையில் நனைந்து காய்ந்தால் பம்பரில் விபூதிப் பட்டை!

விற்கலாம் என்று முடிவு செய்தபோது, பெரம்பலூரில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இப்படியே நிறுத்துனா பத்தாயிரம் கம்மியா கேப்பாங்க சார். ஒரு மணி நேரம் குடுங்க."

"தேங்காய் எண்ணெய் தடவப் போறீங்களாண்ணே?"

"அது ஒரு மழைக்குத் தாங்காது."

சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார். பெயின்ட் இருக்கும் ஓரங்களில் டேப் ஒட்டினார். ஹீட் கன்னை எடுத்து அனல் காற்றைக் காட்ட ஆரம்பித்தார். ஒரே இடத்தில் நிறுத்தினால் பம்பர் உருகிவிடும், கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்கப் பார்க்க சாம்பல் நிறம் ஓடி, கறுப்பு பளபளவென்று மேலே வந்தது. பத்து வயசு குறைந்த மாதிரி!

"எவ்வளவு நாள் நிக்கும்ணே?"

"சில மாசம். அப்புறம் வெளுக்கும். திரும்பத் திரும்பக் காட்டவும் முடியாது, முறுகிடும்."

கூலி அறுநூறு ரூபாய். கொடுத்துவிட்டு ஓட்டி வரும்போதுதான் மனசு கேட்டது. இது ஏமாற்று வேலையா?

பெண் பார்க்கப் போகிறவர் தலைக்கு டை அடித்துக்கொள்கிறார். வாடகைக்கு விடும் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். யாரும் போலீஸுக்குப் போவதில்லை. பி.காம். படித்தபோது எங்கள் பேராசிரியர் இதற்கு ஒரு பெயர் சொல்லிக் கொடுத்தார், 'விண்டோ டிரெஸ்ஸிங்'. கணக்கை அழகாக அடுக்கிக் காட்டுவது. அலங்காரத்துக்கும் அயோக்கியத்தனத்துக்கும் நடுவில் கோடு எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய கையிருப்பில் சுமார் 5,000 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று! அது அலங்காரம் இல்லை. ஆனால் நிச்சயம் ஒரு சின்ன பம்பரில்தான் ஆரம்பித்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அதே பி.காம். பாடத்தில் ஒரு குதிரையும் வரும். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பதினேழாவது பிரிவு. உங்கள் குதிரைக்குக் கோளாறு இருப்பது உங்களுக்குத் தெரியும். ஏலத்தில் விற்கிறீர்கள், வாயே திறக்கவில்லை. மோசடி இல்லை என்கிறது சட்டம். வாங்குவது அப்போதுதான் மேஜரான உங்கள் சொந்த மகள் என்றால்? சொல்லியே ஆக வேண்டும். மூன்றாவது உதாரணம்தான் வில்லங்கம். 'நீங்க மறுக்கலைன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்குவேன்' என்று வாங்குபவர் சொல்கிறார். நீங்கள் சும்மா இருக்கிறீர்கள். அந்த மௌனம், பேச்சுக்குச் சமம்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தம்பி அரியலூரிலிருந்து மனைவி, கைக்குழந்தையோடு வந்தார். முதல் கார். பம்பரைத் தடவிப் பார்த்தார். "சூப்பரா வச்சிருக்கீங்க சார்!"

எனக்குத் தாங்கவில்லை. "அது இந்த வாரம் கறுப்பாக்குனது தம்பி. சில மாசத்துல வெளுத்துடும்."

சொல்லிவிட்டு நெஞ்சு நிமிர்ந்து நின்றேன். எவ்வளவு பெரிய யோக்கியன் நான்! அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா? பம்பரைப் பத்தியே இவ்வளவு உண்மையா சொல்றாரு. இன்ஜின பத்தி நாம கேக்கவே வேணாம்."

குதிரை கனைத்தது எனக்கு மட்டும்தான் கேட்டது.

ஒருமுறை ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் திருச்சி வரை ஓட்டி, இன்ஜின் கொதித்து, ஹெட் கேஸ்கெட் மாற்றியிருந்தேன். அதற்கப்புறம் நீண்ட தூரம் போனால் டெம்பரேச்சர் முள் கொஞ்சம் ஏறும். அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் வைத்திருந்தேன். இப்போது கேட்கவே மாட்டேன் என்கிறாரே! அதுவும் என் சின்ன உண்மையை நம்பி.

எத்தனை விநாடி சும்மா நின்றேன் என்று ஞாபகமில்லை. குழந்தை பம்பரில் எச்சில் கையால் கோடு போட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் சொன்னேன். தம்பியின் முகம் மாறியது. மெக்கானிக்கை அழைத்து வந்தார், ஏழாயிரம் குறைத்தார், எடுத்துக்கொண்டு போனார்.

ஒன்றரை வருஷம் கழித்து போன். "சார், நல்லா இருக்கீங்களா? பம்பர் சுத்தமா வெளுத்துப் போச்சு. அந்தப் பட்டறை எங்க இருக்கு?"

சொன்னேன். "என்ன திடீர்னு?"

"வண்டிய குடுத்துடலாம்னு இருக்கேன் சார். புதன்கிழமை பார்ட்டி வர்றாங்க."

கேஸ்கெட் சமாசாரத்தை அவங்ககிட்ட சொல்லிடுவீங்கள்ல என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தேங்க்ஸ் சொல்லி வைத்துவிட்டார்.