யோசனைக்கு யார் பொறுப்பு?

கடனாக நூறு ரூபாய் கேட்டால் நம்மில் பலர் ஒரு கணமாவது தயங்குவோம். யோசனை கேட்டால் மட்டும் யாரும் தயங்குவதில்லை. இவ்வளவு தாராளமாக நடக்கும் தர்மம் உலகத்தில் வேறு இல்லை. நடுத்தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிஷத்தில் நாலு பேர் கூடிவிடுகிறார்கள். "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்" என்கிறார் ஒருவர். "பிளக்கைக் கழட்டித் துடைங்க சார்" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் வண்டியைத் தொட்டும் பார்க்காமல், "கார்புரேட்டர்தான்!" என்று தீர்ப்பளித்துவிட்டு டீக்கடைக்குள் போய்விடுகிறார். வண்டிக்காரர் எல்லோருக்கும் நன்றி சொல்கிறார். காசு வாங்காமல் கொடுத்ததாயிற்றே!

காசு வாங்காமல் கொடுத்ததற்குக் கொடுத்தவன் பொறுப்பாளியா? கேலியாகத் தொடங்கிவிட்டேனே தவிர, என் சந்தேகம் விளையாட்டுச் சந்தேகம் அல்ல.

தன் வண்டியைத் தானே பிரித்துப் பூட்டுகிறவர்களிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. சென்னையில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. 1955-இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் பிறந்தது. இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்ட பிறகும் அந்தப் பழைய எஞ்சின் இங்கே பல வருஷங்கள் உருவாகிக்கொண்டுதான் இருந்தது. அது ரகசியம் இல்லாத யந்திரம். நாலு ஸ்பேனரும் ஒரு ஸ்குரூ டிரைவரும் பொறுமையும் இருந்தால் தன் உள்ளத்தைத் திறந்து காட்டிவிடும். இன்றும் அதை வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப்பேட்டைக் கடைகளில் பழைய உதிரி பாகம் தேடி அலைவதைப் பார்க்கலாம். கான்டாக்ட் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 மில்லிமீட்டரிலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பதை வேத வாக்கியம் போல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

இவர்களைப் பணம் மிச்சப்படுத்தும் கூட்டம் என்று நினைத்தால் அது தவறு. நம்மைச் சுற்றியிருக்கும் சாமான்களில் பெரும்பாலானவை நமக்குப் புரியாதவை. பொத்தானை அமுக்குகிறோம், வேலை நடக்கிறது, நடக்காவிட்டால் ஆளைக் கூப்பிடுகிறோம். இந்தப் புரியாத உலகத்தில் ஒரு மூலையையாவது தன் கைவிரலால் புரிந்துகொண்டோம் என்ற நிறைவு சாதாரணமானதல்ல. கையில் கரி படிய வேலை செய்வதைக் கேவலமாக நினைத்த நம் சமூகத்தில், படித்த ஒருவர் வாசலில் உட்கார்ந்து கிரீஸில் கை வைப்பது ஒரு நல்ல மாறுதல் என்றுகூடச் சொல்வேன். அந்த நிறைவைத் தனக்குள் வைத்துக்கொள்ள முடியாமல்தான் அவர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறார். சங்கடமும் அங்கேதான் ஆரம்பமாகிறது.

"பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் டாப்பெட்டைச் சரி பண்ணு; புஷ்ராட் விரலால் சுற்றினால் சுற்றவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது." பழைய புல்லட்காரர் ஒருவர் புதியவருக்குச் சொல்லும் பாடம் இது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் இந்த எஞ்சினில் ஒரு முழுச் சுற்று முடிவதற்குள் பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வருகிறது. ஒரு தடவைதான் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். மற்றொரு தடவை இரண்டுமே சற்றுத் திறந்திருக்கும். எந்த உச்சி என்பதைப் பெரியவர் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டுமென்று அல்ல. முப்பது வருஷப் பழக்கத்தில் அது அவருக்கு அறிவாக இல்லாமல் சுபாவமாகவே ஆகிவிட்டது. நாம் மூச்சு விடுவதை யாருக்காவது சொல்லிக்கொடுக்கிறோமா? நன்றாகத் தெரிந்தவன் எதை விட்டுவிடுகிறானோ, அதுவே தெரியாதவனுக்கு முக்கியமாகத் தேவைப்படுகிறது.

இந்தத் தவறு நேர்ந்தால் பெரிய நஷ்டம் இல்லை. எஞ்சின் கடகடவென்று சப்தம் போடும். ஒரு பிற்பகல் வீணாகும். மறுபடி பிரித்துச் சரி செய்துவிடலாம். சொல்லப்போனால், அப்படிக் கற்றுக்கொண்டதுதான் மறக்காது.

ஆனால் எல்லாத் தவறும் பிற்பகலோடு போய்விடுவதில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் அனுபவசாலி. வண்டிகளில் கை தேர்ந்தவர். அவர் தெருவில் ஓர் இளைஞன். பின் சக்கரத்துப் பிரேக் ஷூவைத் தானே மாற்ற ஆசைப்பட்டான். இவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே வரிசையாக எல்லாம் சொல்லிக்கொடுத்தார். சக்கரத்தை மாட்டியதும், பிரேக் தட்டை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புப் பட்டையைத் திரும்பப் பூட்டி, நட்டுக்கு ஸ்பிலிட் பின் போடவேண்டும் என்பது ஒன்றுதான் விட்டுப்போயிற்று. அந்தப் பட்டை கழன்றால், பிரேக்கை மிதிக்கும்போது தட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். பிரேக் கம்பியை வளைத்து இழுத்துக்கொண்டு சக்கரம் அப்படியே இறுகிவிடும். இரண்டு நாள் வண்டி நன்றாகத்தான் ஓடிற்று. மூன்றாம் நாள் கடைத்தெருத் திருப்பத்தில் சக்கரம் இறுகிற்று. இளைஞன் சிராய்ப்போடு தப்பினான். ஓரத்தில் கூடையோடு உட்கார்ந்து பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாளுக்குத் தொடை எலும்பு முறிந்தது.

"நான் என்ன தப்பு செஞ்சேன், நீங்களே சொல்லுங்க சார்" என்று அவர் என்னிடம் கேட்டார். "சொல்லிக் கொடுன்னு அவன்தான் வந்தான். காசா வாங்கினேன்? அவனுக்குக் கண்ணு இல்லையா?"

சட்டப்படி பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். சக்கரத்தைப் பூட்டியது அவன் கை. ஓட்டியதும் அவன் கால். யோசனை வெறும் வார்த்தை. வார்த்தை எலும்பை முறிக்குமா? இப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அதே பிரேக் நன்றாக வேலை செய்திருந்தால், "எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது!" என்று அவர் பெருமைப்பட்டிருக்க மாட்டாரா? புகழில் பங்கு கேட்கும் வார்த்தை பழியில் மட்டும் எப்படி ஒதுங்கிக்கொள்ளும்?

வீட்டுக்குள்ளேயும் இதே கதைதான். பழைய வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் இருக்கிறது. அது அடிக்கடி எரிந்துபோகிறது. அடுத்த வீட்டுக்காரர் வந்து, "ஃபியூஸ் கம்பியெல்லாம் எதுக்கு? வயரிலேர்ந்து நாலு இழை உருவி முறுக்கிக் கட்டுங்க, ஆயுசுக்கும் போகாது" என்கிறார். உண்மைதான், போகாது. ஆனால் தான் எரிந்து வீட்டைக் காப்பாற்றுவதற்காகத்தான் அந்த மெல்லிய கம்பி அங்கே இருக்கிறது. அதைத் தடிப்பாக்கிவிட்டால் ஃபியூஸுக்குப் பதில் சுவருக்குள் இருக்கும் வயர் சூடேறும். தொந்தரவு நின்றுவிட்டது, காவலும் நின்றுவிட்டது. கேட்டவர் முகம் மலர்வதைப் பார்த்து நாம் சொன்னது சரி என்று முடிவு செய்வது எவ்வளவு பெரிய ஏமாற்றம்!

இங்கே ஓர் ஆட்சேபணை எழும். அது பலமான ஆட்சேபணைதான். இப்படிப் பொறுப்பு, பழி என்று பயமுறுத்தினால் யார் வாயைத் திறப்பார்கள்? தெரிந்தவன் மௌனமாகிவிட்டால் தெரியாதவன் தெரியாதவனாகவே சாவான். "உங்களுக்கேன் சிரமம், எங்களிடமே கொண்டு வாருங்கள்" என்று எல்லாவற்றையும் மூடி முத்திரை வைத்து விற்கும் கம்பெனிகளுக்குத்தான் அது கொண்டாட்டம். மேலும், எல்லாம் தெரிந்த பிறகுதான் பேசவேண்டுமென்றால் உலகத்தில் பேச்சே இருக்காது. பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. டிரம்மைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதித் தள்ளுவது அந்தக் காலத்தில் சகஜம். அந்தத் தூசி பல வருஷங்கள் கழித்து நுரையீரலில் புற்றுநோயாக வரும் என்று ஊதச் சொன்னவருக்குத் தெரியாது. பிரிட்டன் ஆஸ்பெஸ்டாஸை முற்றிலும் தடை செய்ததே 1999-இல்தான். அவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்று தெரிந்த பிறகும், "நாங்கள் ஊதவில்லையா? எங்களுக்கு என்ன ஆயிற்று?" என்று சொல்கிறவரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அறியாமை வேறு, அறிய மறுப்பது வேறு.

ஆகவே மௌனம் பரிகாரம் ஆகாது. முழுதாகப் பேசுவதுதான் பரிகாரம். இதை நான் என் கையால் செய்திருக்கிறேனா, யாரோ சொல்லக் கேட்டேனா? எந்த இடத்தில் இது தவறிப்போகும்? தவறினால் யாருக்கு நஷ்டம்? யோசனையோடு இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்வது சொல்கிறவன் கடமை. முக்கியமானது மூன்றாவது கேள்வி. டாப்பெட் தவறினால் நஷ்டம் வண்டிக்காரனுக்கு; அவன் அதற்குச் சம்மதித்துத்தான் ஸ்பேனரை எடுத்தான். பிரேக் தவறினால் நஷ்டம் வழியில் போகிறவருக்கு; அவரை யாரும் சம்மதம் கேட்கவில்லை. முதலாவதில் தாராளமாகப் பேசலாம். இரண்டாவதில் திண்ணையை விட்டு எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். முடியாவிட்டால், "இதை நீயாகச் செய்யாதே அப்பா" என்று சொல்லவேண்டும்.

ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் வயதான மெக்கானிக் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். எஞ்சினில் என்ன சந்தேகம் கேட்டாலும் கை வேலையை நிறுத்தாமலே டெலிபோனில் விளக்கிவிடுவார். சக்கரம், பிரேக் என்றால் மட்டும், "வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்துடுங்க தம்பி. கண்ணால பாக்காம அதைச் சொல்ல மாட்டேன்" என்று வைத்துவிடுவார். தொழில் ரகசியத்தைக் காப்பாற்றுகிறார் என்று சிலர் முணுமுணுப்பார்கள். அவர் காப்பாற்றுவது வேறொன்றை என்பது என் எண்ணம்.

என்னிடம் கேள்வி கேட்ட அனுபவசாலிக்கு ஒரு பதில் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஐயா, நீங்கள் மறந்ததைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. மறதி எல்லோருக்கும் உண்டு. அன்று திண்ணையில் நீங்களும் அந்தப் பையனும் இரண்டே பேர் இருந்ததாக நினைத்துவிட்டீர்கள். பூக்கூடையோடு ஒரு மூன்றாம் ஆளும் அங்கே இருந்தார். அவருக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பேசியிருக்க வேண்டும்.