மலையை நம்பிய நகரம்

“மலைபோல் நம்பினேன்” என்பது தமிழ் வழக்கு. உறுதியென்று பற்றிய துணை கைவிட்ட நாளில் மனிதன் சொல்லும் சொல் அது. வரதய்யபாளையத்தில் நின்று கம்பாக்கம் மலைத்தொடரை நோக்கும்போதெல்லாம் இச்சொல் என் நினைவுக்கு வரும். மலை உண்மையில் நம்பத்தக்கதோ? மனிதனுக்கு அரண் யாது? இவ்வினாவிற்கு விடை பகர வல்லது இராஜகிருகம் என்னும் பழம்பதி.

பீகார் மாநிலத்தில் இன்று ராஜ்கிர் என வழங்கும் அவ்வூர் முன்னாளில் மகத நாட்டின் தலைநகராய் விளங்கிற்று. வேபாரம், வேபுல்லம், பாண்டவம், கிஜ்ஜகூடம், இசிகிலி என்னும் ஐந்து மலைகளின் நடுவே அந்நகர் வளர்ந்தது. மலைத்தொழுவம் எனப் பொருள்படும் கிரிவ்ரஜம் என்னும் பெயரும் அதற்குண்டு. மலைகள் மட்டும் போதாவென்று, அவற்றின் முகடுகள்மீது சாந்தின்றிப் பெருங்கற்களை அடுக்கி, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீள மதிலும் எழுப்பினர். அதன் சிதைவுகளை இன்றும் காணலாம்.

இத்துணைக் காவலுக்குள் வாழ்ந்த பிம்பிசார மன்னர் எவ்வாறு மாண்டார்? மலையேறி வந்த பகைவரால் அன்று. பெற்ற மகன் அஜாதசத்துருவே அரசாசையால் தந்தையைச் சிறையிலிட்டு மாளச் செய்தான் எனப் பௌத்த நூல்கள் கூறும். மதில் வெளிப்பகையைத் தடுக்கும். உள்ளத்தில் எழும் ஆசையைத் தடுக்குமோ? பின்னர்த் தலைநகரும் கங்கைக்கரைப் பாடலிபுத்திரத்திற்குப் பெயர்ந்தது.

இளமையில் யான் உழைத்த ஆலைக்கும் உயர்ந்த மதில் இருந்தது. அதனுள் ஓரிடம் கிடைத்ததே வாழ்நாட் காவல் என்றிருந்தேன். ஒருநாள் கதவு அடைபட்டது. மதில் மட்டும் நின்றது.

பகவன் புத்தர் கிஜ்ஜகூடத்தில் தங்கியிருந்தபோது, வேபுல்ல மலையைச் சுட்டிப் பிக்குகளுக்கு உரைத்த செய்தி சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. முற்காலங்களில் அம்மலைக்கு வேறு பெயர்கள் வழங்கின. ஆங்கு வாழ்ந்த மக்களுக்கும் வேறு பெயர்கள் இருந்தன. அப்பெயர்களும் மறைந்தன, அம்மக்களும் மறைந்தனர். இன்றைய பெயரும் ஒருநாள் மறையும் என்றார் பகவன். நம் ஊரையே பாருங்கள். சித்தூர் மாவட்டத்தில் இருந்த வரதய்யபாளையம் 2022-இல் திருப்பதி மாவட்டத்து ஊராயிற்று. மலையின் பெயரும் மாவட்டத்தின் பெயரும் மாறுமெனில், பிறப்பின்பேரில் மனிதன்மீது ஒட்டிய பெயர் மட்டும் மாறா உண்மையாவது எங்ஙனம்?

“அவ்வாறாயின் பௌத்தன் என்னும் பெயரும் நிலையற்றதன்றோ?” என அன்பர் வினவலாம். ஆம், நிலையற்றதே. பெயர் அரணாகாது; ஒழுக்கமே அரண்.

இதற்குச் சான்றும் அம்மலைகளிலேயே உண்டு. பகவனின் பரிநிப்பானத்திற்குப் பின், வேபார மலையின் சத்தபண்ணிக் குகையில் முதற் சங்கீதி கூடியது என்பது மரபு. மகாகஸ்ஸபர் வினவ, விநயம் முழுவதையும் எடுத்துரைத்தவர் உபாலி தேரர். அவர் சாக்கியர்க்கு நாவிதராய் இருந்தவர். சாக்கிய இளவரசர் தம் குலச்செருக்கு அடங்கும்பொருட்டு, அவரையே முதலில் துறவேற்கச் செய்து வணங்கினர். அரசர் அடுக்கிய கல்மதில் சரிந்தது. நாவிதர் உரைத்த ஒழுக்கநெறி கடல் கடந்து, இன்றும் பிக்குகளால் ஓதப்படுகிறது.

இனி நம் இல்லங்களை நோக்குவோம். அயோத்திதாசப் பண்டிதரும் அண்ணல் அம்பேத்கரும் காட்டிய வழியில் வந்தோம். ஆயினும் பெண் கொடுக்கும் வேளையில் பழைய பெயரை மெல்ல விசாரிக்கின்றோம் அல்லமோ? நமக்கும் கீழென்று ஒருவரைக் கருதி வாயிலிலேயே நிறுத்துகின்றோம் அல்லமோ? அவ்வேளையில் பகை நம் மதிலுக்குள்ளேதான் இருக்கிறது. இளவரசர் உபாலிக்குத் தலைவணங்கியதுபோல், நாம் வாயிலில் நிறுத்தியவரை உள்ளே அழைத்து நம் பாயில் அமர்த்துவோமாக. நாம் தம்மத்தை ஏற்றோம் என்பதற்கு அதுவே சான்று.