நாக்கைப் பழக்குதல்

சீனாவின் ஃபூஜோ நகரம் மல்லிகைத் தேயிலைக்குப் பேர்போனது. அங்கே தேயிலைக்கு மணம் ஏற்றும் பூ வேறெதுவும் இல்லை, நம் குண்டுமல்லிதான். தாவரவியலில் இரண்டும் ஒரே இனம். மொட்டைப் பகலில் பறித்து வைத்து, அது அவிழத் தொடங்கும் நேரத்தில் தேயிலையோடு கலந்து குவிக்கிறார்கள். இரவெல்லாம் பூ மணக்க மணக்க, காய்ந்த இலை அதை இழுத்துக்கொள்கிறது. காலையில் பூவைச் சலித்து எறிந்து, ஈரம் ஏறிய இலையை உலர்த்தி, மறுபடியும் புதுப்பூ. உயர்ந்த ரகத்துக்கு இது பல இரவுகள் நடக்கும். மணமெல்லாம் இலைக்குள் போய்விடுவதால், பொட்டலத்தில் கிடக்கும் இதழ்கள் பெரும்பாலும் பார்வைக்குத்தான்.

இதைப் படித்த சேலத்துக்காரனுக்குக் கை சும்மா இருக்குமா? பனமரத்துப்பட்டிப் பக்கம் போனால் ரோட்டை ஒட்டியே பூக்காடு. வ.உ.சி. மார்க்கெட்டில் பூ கூடை கூடையாக வந்து இறங்குகிறது. ஆனாலும் கடைப்பூவைத் தொடவில்லை. மொட்டுக்கு மருந்து அடித்திருப்பார்கள், தலையில் வைக்கலாம், குடிக்க முடியாது. வீட்டுச் செடியில் பறித்த மொட்டையும் நீலகிரி முழு இலைத் தேயிலையையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிவைத்தேன். மறுநாள் அதில் பால் விடாமல் வர டீ போட்டேன். வாய்க்குள் இருக்கும்போது லேசான துவர்ப்பு மட்டும்தான். விழுங்கி மூச்சை வெளியே விட்டபோது, தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்கில் மல்லி எழுந்தது.

ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஏலக்காய் டீ குடித்துப் பாருங்கள். இனிப்பும் துவர்ப்பும் இருக்கும், ஏலக்காய் காணாமல் போயிருக்கும். குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. அந்த வியாபாரத்தில் டீயைச் சுவைத்து மதிப்பிடுவதே சிலருக்கு வேலை. வரிசையாக வைத்த கிண்ணங்களில் கரண்டியால் மொண்டு, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி சர்ரென்று உறிஞ்சுவார்கள். காற்றோடு கலந்து போனால்தான் மணம் மூக்குக்கு ஏறும். உறிஞ்சிக் குடிக்காதே என்று வீட்டில் வாங்கிய திட்டெல்லாம் வீண் என்று அதைப் பற்றித் தெரிந்துகொண்டபோது தோன்றியது.

மல்லிக்குப் பிறகு நாரத்தை இலை, துளசி, ஏலக்காய்த் தோல், கொல்லிமலை மிளகு என்று பொழுதுபோக்கு வளர்ந்தது. கூடவே ஒரு கேள்வியும் வளர்ந்தது. நாக்கை இப்படிக் கூர் தீட்டிக்கொண்டே போனால், பஸ் ஸ்டாண்ட் டீ என்ன ஆகும்? நேற்றுவரை போதும் என்றிருந்தது இனிமேல் போதாது என்றாகிவிட்டால், ரசனை கூடியதா, நிம்மதி குறைந்ததா?

நம் கடை டீயை முதலில் அதன் நியாயத்தோடு பார்க்க வேண்டும். 1930-வாக்கில் அசாமில் சி.டி.சி. எந்திரம் வந்தது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி, சீக்கிரமாகவும் திடமாகவும் சாறு இறங்கும் சிறு குருணையாக்கியது. அதன் துவர்ப்பைப் பாலின் கேசின் என்ற புரதம் பிடித்து அடக்குகிறது. மேலே இஞ்சி. பச்சை இஞ்சியை நேரே பாலில் போட்டால் திரியலாம் என்பதால் தண்ணீரில் முதலில் கொதிக்கவிடுகிறார் மாஸ்டர். பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெல்லம் சேர்ப்பவர்கள் அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான் சேர்ப்பார்கள், காரணம் அதேதான். இஞ்சி டீ, ஏலக்காய் டீ, சுக்கு டீ: மணமூட்டிய தேநீரை நாம் புதிதாக யாரிடமும் கற்க வேண்டியதில்லை. பேக்கரியில் நின்றபடி ‘ஸ்ட்ராங்கா, சக்கரை கம்மி’ என்று சொல்பவருக்கு நாக்கு இல்லை என்று யார் சொன்னது?

நாமக்கல்லைத் தாண்டிப் போகும் நாற்பத்து நாலாம் நம்பர் நெடுஞ்சாலையில் நடுச்சாமத்தில் லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்கும் டிரைவருக்கு டீ என்பது தூக்கத்தைத் தள்ளிவைக்கும் சூடு, ஸ்டீயரிங்கை விட்டு நிற்கும் பத்து நிமிடம். அந்த கிளாஸை நான் சுவைத்து மதிப்பெண் போட்டால் அது அபத்தம்.

ருசிபார்ப்பதை ஒரு சொகுசு என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. இந்தச் சமவெளிக்கும் தேயிலைக்கும் உள்ள பழைய உறவு குடித்து வந்ததல்ல, பறித்து வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் இலங்கையின் லூல்கந்துரவில் தேயிலை நட்ட பிறகு, கங்காணிகள் திருச்சி, சேலம், மதுரைப் பக்கமிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைய சேலம் ஜில்லாவின் வறண்ட கிராமங்களும் அதில் சேர்த்தி. நல்ல இலை லண்டனுக்குக் கப்பலேறியது. பறித்தவர்களுக்கு வாய்த்தது மட்டமான தூள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களுக்காக நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. இன்றைய டான்டீ அப்படி வந்ததுதான். நான் மல்லி ஏற்றிய இலை, சேலம் மண்ணை விட்டுப்போன யாருடைய பேத்தியோ பறித்ததாக இருக்கக்கூடும். அதில் இருப்பதை முழுசாக முகர்ந்து பார்ப்பதற்கு எனக்கு வெட்கம் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்த மேற்கு மாவட்டங்களின் டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. டீ ருசியாக இருக்கிறதா என்று கேட்கும் முன், எந்த கிளாஸில் கொடுப்பார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தவர்கள் நம்மோடு இருக்கிறார்கள். கோப்பையின் அழகு பற்றிப் பேசும் ரசனைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

டீயைச் சுவைத்து மதிப்பிடும் அந்தக் குன்னூர்க்காரர்களிடம் எனக்குப் பிடித்தது வேறு. மட்டத் தூளையும் அவர்கள் அதே அக்கறையோடு உறிஞ்சுகிறார்கள். எந்தக் கிண்ணத்தையும் முகம் சுளித்துத் தாண்டிப் போக முடியாது. அதற்கும் ஒரு விலை சொல்லியாக வேண்டும். வித்தியாசம் தெரிவது நாக்கின் வேலை. தெரிந்ததை வைத்து மட்டம் தட்டுவது நம் குணம். அதை நாக்கின்மேல் போட வேண்டாம். பழகிய நாக்கோடு பஸ் ஸ்டாண்டில் நின்றால், இன்றைக்கு இஞ்சி முற்றல், பால் புதுசு, தூள் மாற்றியிருக்கிறார் என்பதெல்லாம் தெரிகிறது. கிளாஸும் காலியாகிறது. அடிக்கடி கொதித்துக் கறுத்துப்போன டிகாஷன் மட்டும் இன்னும் எனக்கு ஆகவில்லை. அதைக் கீழே ஊற்றிவிடுகிறேன், தத்துவம் எதுவும் இல்லாமல்.

போன மாதம் ராசிபுரத்திலிருந்து அத்தை வந்திருந்தார். நாரத்தை இலையைக் கிள்ளிப் போட்டு, இளம் பொன்னிறத்தில் இறக்கிய டீயைக் கொடுத்து, மணம் பாருங்கத்தே என்றேன். மோந்து பார்த்தார், தலையாட்டினார், ஒரு வாய் குடித்தார்.

“நல்லாத்தான் இருக்குது. ஏங் கண்ணு, இதுக்குப் பாலு எப்ப ஊத்துவ?”

காய்ச்சி வைத்திருந்த பாலை எடுத்து ஊற்றினேன். சக்கரை அவரே போட்டுக்கொண்டார்.