வெட்டிய செட்டை

ட்ரவுட் இன மீன்களுக்கு முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், முள்ளில்லாத ஒரு சின்னச் சதை மடல் இருக்கும். கொழுப்புச் செட்டை. எங்கட ஊர்க் கெளிறுக்கும் இது உண்டு. கறிக்கு வெட்டும்போது யாரும் கவனிப்பதில்லை. ஒன்ராறியோவில் மீன்பண்ணைகளில் வளர்த்து ஏரிகளில் விடும் மீன்களில் ஒரு பகுதிக்கு, விடுவதற்கு முன் ஏதாவதொரு செட்டையை வெட்டிவிடுவார்கள். பல சமயம் இந்தக் கொழுப்புச் செட்டையைத்தான். அடியோடு வெட்டினால் அது திரும்ப வளராது. இரண்டு மூன்று வருடம் கழித்து மீன் யார் கையில் அகப்பட்டாலும் அதன் பிறப்பிடம் தெரிந்துவிடும். எதற்கும் உதவாத உறுப்பு என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பிறகு அதற்குள் நரம்புகள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சுழித்தோடும் நீரை மீன் உணர்வதற்கு அது உதவக்கூடும் என்கிறார்கள்.

நான் ஒவ்வொரு மாசியும் ஓர் அண்ணையோடு ஹலிபேர்ட்டன் பக்கம் பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிக்கப் போகிறேன். அவர் குருநகரில் வளர்ந்தவர். கரைக்கு வந்த மீனைத் திரும்பக் கடலில் போடுகிறவனைத் தன்ர ஊரில் பைத்தியம் என்பார்கள் என்று அவரே சொல்வார். ஆனால் இந்த ஏரியில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. செட்டை வெட்டின மீன் வாளிக்குள். வெட்டாத மீன் திரும்பத் துளைக்குள். “வெட்டினது எங்கட மீன். வெட்டாதது ஏரியின்ர மீன்.” நல்ல சட்டம் மாதிரித்தான் முதலில் பட்டது. மூன்று பனிக்காலமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் மீனைப் பற்றி. புரூக் ட்ரவுட்டை இங்கே ஸ்பெக்கிள்ட் ட்ரவுட் என்றும் சொல்வார்கள். சரியாகச் சொன்னால் அது ட்ரவுட்டே இல்லை, சார் என்ற பேரினம். முதுகில் புழு ஊர்ந்த தடம் போல வெளிறிய கோடுகள், விலாவில் நீல வட்டத்துக்குள் சிவப்புப் பொட்டு, வயிற்றுச் செட்டைகளின் ஓரத்தில் சுண்ணாம்பு பூசியது மாதிரி ஒரு வெள்ளைக்கோடு. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி அதன் சொந்த இடம். இலையுதிர் காலத்தில், நிலத்தடி நீர் ஊறி வரும் சரளைக்கற்களில் முட்டையிடும். அப்படி ஊற்று இல்லாத ஏரியில் மீன் வாழும், கொழுக்கும், ஆனால் பெருகாது. அங்கேதான் குஞ்சுகளைக் கொண்டுபோய் விடுகிறார்கள். பாதையில்லாத ஏரிகளுக்கு விமானத்திலோ ஹெலிகொப்டரிலோ போய் மேலிருந்து கொட்டுவார்கள்.

பனிக்காலத்தில் இது ஆழத்துக்குப் போகாது. கரையோரம், ஆளுயர நீரிலேயே உலவும். அதனால் வயிற்றில் படுத்து, ஜக்கெட்டைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு துளைக்குள் பார்த்தால் அடித்தரை பச்சை வெளிச்சத்தில் தெரியும். மீன் வருவதும், புழுத்துண்டைப் பார்ப்பதும், யோசிப்பதும் தெரியும். யோசிப்பது என்ற சொல்லை விஞ்ஞானி ஒத்துக்கொள்ள மாட்டார், பரவாயில்லை. கடலில் வலை வீசுகிறவருக்கு இந்தக் காட்சி கிடைக்காது. பிடிபடுவதற்கு முன் அந்த ஒரு மீனை நான் பார்த்துவிடுகிறேன். வெட்டினதா இல்லையா என்று அந்த நேரம் தெரியாது.

அண்ணையின் சட்டத்தில் இரண்டு நியாயங்கள் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. ஒன்று ஏரியைப் பற்றியது. தானாகப் பெருகக்கூடிய மீனைக் காப்பாற்று, திரும்பவும் கொண்டுவந்து விடக்கூடியதைத் தின். இதில் எனக்குச் சண்டையே இல்லை. மீன்பிடிச் சட்டமும் ஏரிவாரியாக இதையே செய்கிறது. குஞ்சு விடும் பல ஏரிகளில் ஆண்டு முழுவதும் பிடிக்கலாம், இயற்கையாகப் பெருகும் ஏரிகளுக்குப் பருவத் தடை உண்டு.

மற்றது “எங்கட மீன்” என்ற நியாயம். லைசென்ஸ் காசு கட்டுகிறோம், அந்தக் காசில் குஞ்சு வளர்க்கிறார்கள், ஆகவே அந்த உயிர் எங்களுடையது. உண்டாக்கினவனுக்கு எடுக்கவும் உரிமை உண்டு. இது புதிய எண்ணமில்லை. கோயிலுக்கென்று நேர்ந்து வளர்த்த கிடாயை வீட்டுக்காரரே கொண்டுபோய் வெட்டக் குடுப்பார். ஆனால் அந்த வீட்டில் ஒருவர் அதற்கு ஒவ்வொரு நாளும் குழை வெட்டிப் போட்டிருப்பார், தண்ணி வைத்திருப்பார், மழைக்கு உள்ளே கட்டியிருப்பார். கிடாய் போகிற அன்று அந்த வீட்டுப் பிள்ளை சாப்பிடாது. உரிமை என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, சம்பாதிக்கப்பட்டது. ஏரியில் விட்ட மீனுக்கும் எங்களுக்குமான உறவு தண்ணீரில் விழுந்த அன்றே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அதற்கு யாரும் தீனி போடவில்லை. லூன் பறவைக்கும் நீர்நாய்க்கும் தப்ப அதுவே பழகியது, இரை தேடவும் பழகியது. கூட வந்ததுகளில் எத்தனையோ செத்துப்போயின. இரண்டு பனிக்காலம் இப்படிப் பிழைத்த மீனை “எங்கட” என்று சொல்ல வெட்டிய செட்டை ஒன்றைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. அதையும் வெட்டினது நாங்கள்தான்.

இதைச் சொன்னபோது அண்ணை விடவில்லை. “டேய், நீ பிடிக்கிறாய் எண்டுதானே அவங்கள் விடுறாங்கள்? ஒருத்தரும் பிடிக்காட்டி அந்த மீன் பிறந்தே இருக்காதே?”

பலமான வாதம்தான். இங்கிலாந்தில் லெஸ்லி ஸ்டீபன் பன்றியை வைத்து இதே கணக்கைச் சொன்னார்: உலகம் முழுவதும் யூதர்களாக இருந்தால் பன்றியே இருக்காது, ஆகவே இறைச்சிக்கான தேவையில் பன்றிக்குத்தான் பெரிய லாபம் என்று. ஹென்றி சால்ட் அதற்குப் பதில் எழுதினார். லண்டனில் படித்த காலத்தில் காந்தியை மரக்கறி உணவின் பக்கம் உறுதியாக நிறுத்தியது இவருடைய புத்தகம்தான். சால்ட் சொன்னதன் சாரம், பிறக்காத ஒன்றுக்கு நாம் உபகாரம் செய்ய முடியாது, ஏனென்றால் அதை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை என்பது. பிறந்த பிறகுதான் நல்லது கெட்டது தொடங்குகிறது. நான் மரக்கறிக்காரன் இல்லை. சால்ட்டின் முடிவுக்கு நான் போகவும் இல்லை. ஆனால் நான் உண்டாக்கினேன் என்பதை நான் கொல்வதற்கான அனுமதிச்சீட்டாகக் காட்ட முடியாது என்பதை அவர் எனக்குத் தெளிவாக்கிவிட்டார். தின்கிறேன் என்றால் தின்கிறேன், அவ்வளவுதான். அதற்கு மேலே உபகாரி வேஷம் எதற்கு?

சொந்தம், வந்தது என்ற கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதே மீனை வைத்தே இரண்டு இடம் காட்டலாம். நியூயோர்க் மாநிலத்தின் அடிரொண்டாக் மலைகளில், பண்ணை இரத்தம் கலக்காத பழைய புரூக் ட்ரவுட் வம்சங்கள் சில குளங்களில் தப்பியிருந்தன. அந்த வம்சத்தைப் பெருக்க, வேறு மீன்கள் புகுந்துவிட்ட குளங்களில் ரொட்டனோன் என்ற மருந்தைக் கலந்து உள்ளே உள்ள மீன்களைக் கொன்றுவிட்டுப் பிறகு புரூக் ட்ரவுட் குஞ்சுகளை விட்டார்கள். கலிபோர்னியாவின் சியரா நெவாடாவில் நிலைமை நேரெதிர். அங்கே உயர ஏரிகளில் மீனே இருந்ததில்லை. தூண்டில்காரருக்காகக் கோவேறு கழுதையிலும் பிறகு விமானத்திலும் ட்ரவுட் கொண்டுவந்தார்கள், புரூக் ட்ரவுட்டும் அதில் ஒன்று. அந்த ஏரிகளில் மஞ்சள்கால் தவளை ஒன்று உண்டு. அதன் தலைப்பிரட்டை தவளையாக மாறுவதற்கு முன் பல பனிக்காலங்களைப் பனிக்கட்டிக்குக் கீழேயே கழிக்கும். அத்தனை வருடம் ட்ரவுட்டின் வாய்க்குத் தப்புவது நடக்கிற காரியமா? தவளைகள் அழிந்தன. 2001 முதல் செக்கோயா, கிங்ஸ் கன்யன் தேசியப் பூங்காக்களில் வலை போட்டு ட்ரவுட்டை அகற்றினார்கள், தவளைகள் திரும்பி வந்தன. கிழக்கில் இந்த மீனுக்காக மற்றதைக் கொன்றார்கள், மேற்கில் மற்றதுக்காக இந்த மீனைக் கொன்றார்கள். (நுவரெலியாவுக்கும் நீலகிரிக்கும் வெள்ளைக்காரன் வேறு வகை ட்ரவுட் கொண்டுவந்ததும் பசிக்கல்ல, பொழுதுபோக்குக்கு.)

இரண்டு இடத்திலும் செய்தது சரி என்றே நினைக்கிறேன். தவளைக்கு வேறு ஏரி இல்லை. ஆனால் அந்தச் சரி ஏரியைப் பற்றியது. வலையில் சிக்கின ஒவ்வொரு மீனும் ஏதோ குற்றம் செய்தது என்றோ, அதற்கு நோவு குறைவு என்றோ அதிலிருந்து வராது. இங்கேதான் அண்ணையின் சட்டம் இடறுகிறது. எத்தனை மீன் எடுக்கலாம், எந்த மீனை விடலாம் என்பதற்குச் செட்டையைப் பார்க்கலாம். கையில் இருக்கிற மீனை எப்படி நடத்துவது என்பதற்குப் பார்க்கக்கூடாது. அவரோ வெட்டின மீனை அப்படியே பனியில் போட்டுவிடுவார், அது துள்ளித் துள்ளி உறையும். வெட்டாததை ஈரக்கையால் குழந்தை மாதிரிப் பிடிப்பார். இரண்டுக்கும் ஒரே செவுள், ஒரே வாய். நான் கொல்வதென்றால் தலையில் ஓரடி, உடனே. இதைப் பற்றி அவரோடு ஒவ்வொரு முறையும் வாய்த்தர்க்கம்.

விடுவதும் நாம் நினைக்கிற அளவுக்குக் கருணை இல்லை. பூச்சியத்துக்கு 20 கீழே என்றால் வெளியே எடுத்த மீனின் செவுள் நுனிகள் சில நொடிகளிலேயே உறையத் தொடங்கும். படம் எடுத்துவிட்டு விட்டால், துளைக்குள் நீந்திப் போவது தெரியும், பிறகு நடப்பது தெரியாது. விடுவதென்றால் தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்ற வேண்டும். முள் ஆழத்தில் போய்விட்டால் இழுக்காமல் நரம்பை அறுக்க வேண்டும். இரத்தம் பாய்கிற மீனை, பிடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிற மட்டும், செட்டை பார்க்காமல் தின்பதுதான் நேர்மை.

ஒரு நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். “நாங்களும் ஸ்டாக் பண்ணின மீன்தானே மச்சான், அதை எழுது” என்றான். சிரித்தேன், எழுதவில்லை. விமானத்தில் வந்து இறங்கினது மட்டும்தான் பொருத்தம். எங்களை யாரும் தின்பதற்காகக் கொண்டுவரவில்லை, இங்கே பனி வழிக்கவும் பீட்சா சுடவும் ஆள் தேவைப்பட்டது உண்மைதான் என்றாலும். மீனை மீனாக விட்டால்தான் அதற்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்று யோசிக்க முடியும். என் கதையை அதன் முதுகில் ஏற்றினால் அதுவும் இன்னொரு அடையாளம் வெட்டுவது மாதிரித்தான்.

போன மாசியில் அண்ணை பிடித்த ஒரு மீனுக்கு அந்தச் செட்டை பாதி இருந்தது. பண்ணையில் சரியாக வெட்டுப்படாமல் வளைந்து வளர்ந்திருக்கலாம், குஞ்சாக இருந்தபோது வேறொரு மீன் கடித்திருக்கலாம். அவர் அதைத் துளைக்குள் நீரிலேயே பிடித்துக்கொண்டு கனநேரம் பார்த்தார். முள் உதட்டில்தான் இருந்தது. “நீ சொல்லடா” என்றார். உங்கட மீன், நீங்களே சொல்லுங்கோ என்றேன். கை விறைக்கும்வரை பிடித்திருந்துவிட்டு, முள்ளைக் கழற்றினார்.