யாரும் கேட்காத தாகம்

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குத் திருச்சியிலிருந்து காரில் கிளம்பினோம். நான், கணவர், அத்தை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன். சென்னைக்குப் போய்த் தீபாவளிக்குத் தியாகராய நகரில் துணி எடுப்பது, குழந்தைகளுக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தைக் காட்டுவது, அத்தையை மெரினாவுக்கு அழைத்துப்போவது, ஞாயிறு இரவே வீடு திரும்புவது என்பது திட்டம். ஐப்பசி பிறந்திருந்தது. முந்தின இரவு பெய்த மழையில் சாலை நனைந்து கிடந்தது.

பெரம்பலூர் தாண்டியதும் மகன், "அப்பா, அவசரம்" என்றான். வண்டியை ஓரம் கட்டினார்கள். அப்பாவும் பிள்ளையும் இறங்கிப்போய் இரண்டு நிமிடத்தில் திரும்பினார்கள். ஏறி உட்கார்ந்ததும் மகன் தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தான். பாட்டில் மகளிடம் வந்தது. அவள் ஒரு வாய் ஊற்றிக்கொண்டு மூடிவிட்டாள்.

"நல்லா குடிடி."

"தொண்டையை நனைச்சுக்கிட்டேம்மா, போதும்."

அது அவளுடைய வாக்கியம் இல்லை. அவளுடைய அப்பாயியின் வாக்கியம். ஊருக்குப் போகிற நாளென்றால் அத்தை முதல் நாள் இரவே தண்ணீரைக் குறைத்துவிடுவார். வழியில் யார் என்ன கொடுத்தாலும் "தொண்டையை நனைச்சுக்கிட்டேன்" என்பார். என் அம்மாவும் அப்படித்தான். நானும் அப்படித்தான். கருத்தரங்குகளுக்கு இரவுப் பேருந்தில் போகும் நாள்களில் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு வாய் காபிகூடக் குடித்ததில்லை. இதை மகளை உட்கார வைத்து யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

விழுப்புரத்துக்கு முன்னால் ஓர் உணவகத்தில் நிறுத்தினோம். பெண்கள் கழிப்பறைக்குப் பத்து ரூபாய். பத்து ரூபாய் பெரிதல்ல. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, வாளி இருந்தது, குழாயில் தண்ணீர் இல்லை. நான் கதவைப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு வரலை" என்றார். மகளும் "எனக்கும் வரலை" என்றாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் வரவில்லை.

காரில் ஏறியபின் கணவரிடம் இதைச் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை, எரிந்து விழவும் இல்லை. "நான் தண்ணி குடிக்காதீங்கன்னு சொன்னேனா? எங்க சொன்னாலும் நிறுத்துறேனே" என்றார். உண்மைதான். அவர் சொன்னதில்லை, கேட்ட இடத்தில் நிறுத்தாமல் போனதும் இல்லை. அவரிடம் சொல்ல எனக்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். யாரும் திணிக்காத துன்பத்தை ஒருத்தி தானாகவே ஏற்றுக்கொண்டால், அது அவளுடைய விருப்பமா? அதில் அநீதி இருக்கிறதென்றால், அந்த அநீதியைச் செய்தவர் யார்?

ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் வரும் இலையுதிர்காலம் நமக்குக் கிடையாது. அந்த மாதங்களில் நமக்கு வாய்த்தது கூதிர், அதாவது ஐப்பசியும் கார்த்திகையும். தொல்காப்பியம் அதைக் குறிஞ்சிக்கு உரிய பொழுதாக வைக்கிறது, சேர்ந்திருப்பதற்கான காலம். சேர்ந்து ஊர் சுற்றுகிற பெண்ணுடம்புக்கு அந்தப் பருவம் இன்னொரு கணக்கைத் தருகிறது. கோடையில் குடித்த தண்ணீர் பாதி வியர்வையாகப் போய்விடும். குளிரில் அதற்கு ஒரே வழிதான் உண்டு. ஆகவே கூதிர்காலப் பயணத்தில் பெண்கள் இன்னும் குறைவாகக் குடிக்கிறார்கள்.

வகுப்பில் அகத்திணை நடத்தும்போதெல்லாம் ஒன்றைச் சொல்லியிருக்கிறேன். நம் பழைய இலக்கணத்தில் பயணம் ஆணுடையது. பொருளுக்கும் தூதுக்கும் போருக்கும் கல்விக்கும் அவன் போகிறான், அவள் காத்திருக்கிறாள். கடல்வழிப் பயணம் பெண்ணோடு கூடியதாக இல்லை என்று தொல்காப்பியம் தனியாகவே சொல்லிவைக்கிறது. உடன்போக்கில் போகிற தலைவி உண்டு, பாணர் கூட்டத்தோடு நடக்கிற விறலியும் பாடினியும் உண்டு. அவர்கள் வழியில் என்ன செய்தார்கள் என்று எந்த உரையாசிரியரும் கேட்டதில்லை. வகுப்பில் நானும் கேட்டதில்லை.

நம் நினைவில் தங்கிய, ஊர் ஊராகப் போன பெண்களை எண்ணிப் பார்த்தேன். முதலில் ஔவை. சங்ககால ஔவை வேறு, பின்வந்த ஔவைகள் வேறு என்பது இலக்கிய வரலாறு. மக்கள் நினைவில் எல்லாரும் ஒரே கிழவிதான். மணம் பேசியபோது பிள்ளையாரிடம் வேண்டி முதுமையை வாங்கிக்கொண்டாள் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. நாடெங்கும் நடக்க அவள் கொடுத்த விலை இளமை. அடுத்தவர் காரைக்கால் அம்மையார். உடம்பின் தசையை உதறிப் பேயுருவம் பெற்ற பிறகே கயிலைக்குப் போனார், அங்கும் காலால் மிதிக்காமல் தலையால் நடந்தார் என்கிறது பெரியபுராணம். மூன்றாமவள் கண்ணகி. புகாரிலிருந்து மதுரைக்குக் கணவனோடு நடந்தாள். அதுவும் குடும்பப் பயணம்தான். முடிவில் தன் மார்பைத் திருகி எறிந்தாள்.

மூன்று கதைகளுக்கும் காரணங்கள் வேறு, சமயங்கள் வேறு. ஆனாலும் ஊர் கடந்து போகிற பெண் உடம்பில் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்பது அவற்றில் பொதுவாக இருக்கிறது. அத்தை விட்டுக்கொடுப்பது ஒரு செம்பு தண்ணீர். சிறியது என்பதால்தான் அது கதையாகவில்லை.

அன்று மதியம் தியாகராய நகரில், ஐந்து மாடிக் கடையொன்றின் மூன்றாவது மாடியில், எங்களுக்குச் சேலை எடுத்துப்போட்ட பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். கழிப்பறை எங்கே என்று கேட்டேன். "ஐந்தாவது மாடிக்கா, கூட்டமா இருக்கும்" என்றாள். "நீங்கல்லாம் எங்க போவீங்க?" என்றேன். சேலையை மடித்தபடியே, "சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டுப் போகணும்க்கா. தீபாவளி நேரத்துல கேக்கவே மாட்டோம். தண்ணி குடிச்சாத்தானே" என்று சிரித்தாள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அவள் பக்கத்திலும் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் துணிக்கட்டு இருந்தது.

என் தாகமும் அவள் தாகமும் ஒன்றல்ல என்பது அங்கே நின்றபோது உறைத்தது. எனக்கு இரண்டு நாள், அவளுக்கு ஆண்டு முழுவதும். ஐந்தாவது மாடியில் அந்தக் கழிப்பறையைக் கழுவிக்கொண்டிருந்தவரும் ஒரு பெண்தான். அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. பெண்களின் பொதுத் துன்பம் என்று எழுதும்போது இந்த மூன்று பேரையும் ஒரே வரியில் வைத்துவிடக் கூடாது.

நல்லெண்ணம் உள்ளவர்கள் இங்கே ஒன்று சொல்வார்கள்: "அவங்களுக்கே அது பழகிப்போச்சு, கஷ்டமா நினைக்கிறதில்லை." அமர்த்தியா சென் எச்சரித்தது இதைத்தான். நெடுநாள் இல்லாமையில் வாழ்பவர்கள் கிடைக்கக்கூடியதற்கு ஏற்ப ஆசையைச் சுருக்கிக்கொள்வார்கள், அவர்கள் முறையிடவில்லை என்பதை வைத்து அவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று முடிவு கட்டக் கூடாது. அத்தைக்கு உண்மையிலேயே "வரவில்லை". உடம்பே ஒத்துழைக்கப் பழகிவிட்டது. அதை அவருடைய விருப்பம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கணவரின் கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஐரிஸ் மேரியன் யங், தம் மறைவுக்குப் பின் 2011இல் வெளியான நூலில், வாடகை வீடு தேடும் சாண்டி என்ற தாயை உதாரணம் காட்டுகிறார். இரண்டு குழந்தைகளோடு தனியாக வாழ்பவள். அவளிடம் யாரும் சட்டத்தை மீறவில்லை, தரகர்கூட மரியாதையாகவே நடந்துகொள்கிறார். ஆனாலும் அவள் வீடில்லாமல் நிற்கும் நிலைக்கு வருகிறாள். இதில் குற்றவாளியைத் தேடினால் கிடைக்கமாட்டான் என்கிறார் யங். ஆனால் அந்த ஏற்பாட்டில் பங்கெடுக்கும் ஒவ்வொருவருக்கும் அதை மாற்றும் பொறுப்பு இருக்கிறது. குற்றம் வேறு, பொறுப்பு வேறு. என் கணவர் குற்றவாளி இல்லை. நிறுத்தச் சொன்னால் நிறுத்துபவர். நிறுத்தினால் இறங்கிப் போக இடம் இருக்கிறதா என்பதை அவர் ஒருநாளும் யோசிக்க வேண்டியிருந்ததில்லை. அந்தச் சௌகரியத்துக்கு அவர் பொறுப்பு உண்டு.

அப்படியானால் என் பொறுப்பு? சில ஆண்டுகளுக்கு முன் மாணவிகளைப் பேருந்தில் கீழடிக்கு அழைத்துப்போனேன். வண்டி கிளம்பும்முன் எழுந்து நின்று, "பொண்ணுங்கல்லாம் தண்ணியைப் பார்த்துக் குடிங்க, வழியில இடம் இருக்காது" என்று சொன்னவள் நான். அக்கறையோடுதான் சொன்னேன். நாற்பது பெண்கள் தலையாட்டினார்கள். யாரும் கேட்காத தாகம் என்று இதுவரை எழுதிவந்தேனே, அது பொய். நான் கேட்டிருக்கிறேன். வழியில் எங்கே நிறுத்தலாம் என்று முன்பே விசாரித்து வைப்பதைவிட, நாற்பது பேரை வறட்சியாக வைத்திருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. நம் அம்மாக்களின் அக்கறையும் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. உலகத்தை மாற்ற முடியாதவர்கள் மகளின் உடம்பை மாற்றிவைக்கிறார்கள்.

ஞாயிறு மாலை மெரினாவில் தூறல். உழைப்பாளர் சிலையைக் கடந்து நடந்தோம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959இல் நிறுவப்பட்டது. நான்கு ஆண்கள் பாறையை நகர்த்துகிறார்கள், பெண் யாரும் இல்லை. கொஞ்ச தூரத்தில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகளில் ஔவையும் கண்ணகியும் நிற்கிறார்கள். கண்ணகிகூட 2001இல் அகற்றப்பட்டு 2006இல்தான் தன் இடத்துக்குத் திரும்பி வந்தாள். அத்தை அவளை அண்ணாந்து பார்த்தபோது தலை சுற்றுகிறது என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து அவர் குடித்தது அரை டம்ளர் காபி.

திரும்பும் வழியில் தாம்பரத்தில் வேண்டுமென்றே ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்தேன். திண்டிவனம் அருகே ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொன்னேன். பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. ஆண்கள் நால்வர் நின்ற இடத்தில் போய், "லேடீஸ் டாய்லெட் சாவி குடுங்க" என்றேன். "சத்தமா கேக்காதம்மா" என்று மகள் கையைக் கிள்ளினாள். சாவியைத் தேட ஐந்து நிமிடம் ஆனது. நாங்கள் அங்கேயே நின்றோம். நான் போய் வந்தேன். பிறகு அவள் ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு போனாள். அத்தை காரைவிட்டு இறங்கவில்லை.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப்பெண்கள் சேர்ந்து தொடங்கிய 'பெண்கூட்டு' இயக்கம் முதலில் கேட்டதும் கழிப்பறைதான். உட்காரும் உரிமை பிறகு வந்தது. கேரளத்தில் 2018இல் அது சட்டமும் ஆனது. அவர்கள் கூடிக் கேட்டார்கள். நான் கேட்டது ஒரு சாவி. இரண்டும் ஒன்றென்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் அடுத்த முறை மாணவிகளோடு பேருந்தில் ஏறும்போது நிறுத்தப்போகும் இடங்களின் பட்டியல் என் கையில் இருக்க வேண்டும். எல்லாரும் நன்றாகக் குடியுங்கள் என்று அப்போதுதான் என்னால் சொல்ல முடியும்.

செவ்வாய்க்கிழமை அத்தைக்குக் குளிர்காய்ச்சல். சிறுநீர்த் தொற்று என்றார் மருத்துவர். "தண்ணியே குடிக்கிறதில்லையாம்மா?" என்று கேட்டார். "ஊருக்குப் போயிருந்தோம்ல" என்றார் அத்தை, அதுவே போதிய காரணம் என்பதுபோல. நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். அத்தை அதைக் கையில் வாங்கிக்கொண்டு, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டார். கதவைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் குடித்தார்.