தேர்தல் முடியட்டும்!

கடன் கேட்டு வந்து நிற்பவரிடம் "இல்லை" என்று சொல்வது கடினம். "நாளைக்கு வாருங்கள், பார்க்கலாம்" என்று சொல்வது எளிது. கடை வைத்து நடத்தும் நம்மவர்களில் இந்த எளிய வழியில் ஒரு தடவையேனும் போகாதவர் யார்? கேட்டவர் முகம் வாடாமல் போகிறார். நம் மனமும் நோகாமல் தப்பிக்கொள்கிறது. ஆனால் மறுநாளும் அவர் வந்து நிற்கிறாரே, அந்த ஒரு நாளின் நஷ்டம் யாருடைய கணக்கில் ஏறுகிறது? பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அதைத் தள்ளிப்போடுவது எப்பொழுது நியாயம், எப்பொழுது அநியாயம் என்பதே நம் கேள்வி.

இதற்கு உதாரணமாக அமெரிக்க தேசத்தில் பல்லாண்டு நடந்த எண்ணெய்க் குழாய் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம்.

கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்தில் மணலோடு கலந்து கிடக்கும் கனத்த எண்ணெயை, டெக்ஸாஸ் கடற்கரையிலுள்ள சுத்திகரிப்பு ஆலைகளுக்குக் கொண்டு போக, டிரான்ஸ்கனடா என்னும் கம்பெனி 2008-ஆம் ஆண்டில் அனுமதி கேட்டது. குழாயின் பெயர் கீஸ்டோன் எக்ஸ்எல். நாளொன்றுக்கு 830,000 பீப்பாய் எண்ணெய் ஓடும் என்பது திட்டம். தேச எல்லையைக் கடக்கும் குழாயாதலால் ஜனாதிபதியின் அனுமதி வேண்டும்.

வேண்டும் என்றவர்கள், ஜனங்களுக்கு வேலை கிடைக்கும், நேச நாட்டு எண்ணெய் வரும் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள், நெப்ராஸ்கா மாநிலத்து மணற்குன்றுகளின் அடியில் ஒகலாலா என்னும் பெரும் நிலத்தடி நீர் இருக்கிறது, குழாய் உடைந்தால் குடியானவன் கிணறு கெடும், பூமியின் வெப்பமும் கூடும் என்றார்கள். 2010 ஜூலையில் மிச்சிகன் மாநிலத்தில் வேறொரு கம்பெனியின் குழாய் உடைந்து, 17 மணி நேரத்துக்கு மேல் எண்ணெய் கொட்டிக் கலமசூ ஆற்றைக் கெடுத்தது. ஆகவே அந்த அச்சம் வீண் அச்சமன்று. வேலை கேட்டவர்களின் தேவையும் பொய்யன்று. இரு தட்டிலும் எடை இருந்தது.

2011-இல் வெள்ளை மாளிகை வாயிலில் மறியல் செய்து 1,200 பேருக்கு மேல் கைதானார்கள். அவ்வாண்டு நவம்பரில் ஒபாமா அரசாங்கம், நெப்ராஸ்காவில் வேறு பாதை ஆராய வேண்டும், முடிவு 2013-இல்தான் என்று அறிவித்தது. தேர்தலோ 2012 நவம்பரில்! காரணம் பொய்யென்று நாம் சொல்ல மாட்டோம். எதிர்க்கட்சியைச் சேர்ந்த நெப்ராஸ்கா கவர்னரே அந்தப் பாதை வேண்டாமென்று எழுதியிருந்தார். ஆயினும் ஆராய்ச்சி முடியும் நாள் தேர்தலைத் தாண்டி விழுந்தது ஆள்வோருக்கு வசதியாகவும் இருந்தது.

எதிர்க்கட்சியார் மட்டும் என்ன செய்தார்கள்? தொழிலாளரின் சம்பள வரிச் சலுகையை நீட்டிக்கும் சட்டத்தோடு இதையும் முடிச்சுப் போட்டு, 60 நாளில் பதில் சொல் என்றார்கள். 2012 ஜனவரியில் ஜனாதிபதி, ஆராய அவகாசமில்லை என்று மறுத்தார். இரண்டே மாதத்தில் ஓக்லஹோமாவில் குழாய்களின் முன்னே நின்று, தென்பகுதிக் குழாயை விரைவுபடுத்துவோம் என்றார். 2014 நவம்பரில், லூசியானாவில் செனட் பதவிக்கு மறு வாக்கெடுப்பை எதிர்நோக்கியிருந்த அம்மையார் இக்குழாய்க்காகச் செனட் சபையில் வாக்கெடுப்பு நடத்தச் செய்தார். 60 வாக்கு வேண்டும்; கிடைத்தது 59. பிறகு அவர் தம் பதவியையும் இழந்தார். குழாய் அதே குழாய், மணல் அதே மணல். தேர்தல் நெருங்கினால் மட்டும் சபையில் அவசரம் பிறந்தது.

பெரிய விஷயமாதலால் ஜனங்களே தேர்தலில் முடிவு செய்யட்டும் என்று விடுவது தவறா என்று சிலர் கேட்கலாம். தவறில்லை. ஆனால் அப்படி விடுகிறவர், தம் பதில் இன்னதென்று முதலில் சொல்லிவிட்டல்லவா வாக்குக் கேட்க வேண்டும்? பதிலை மறைத்துக்கொண்டு வாக்கைப் பெறுவது, சரக்கை மூடி வைத்து விலை பேசுவதற்குச் சமம். வாங்கியவர் வீட்டுக்குப் போய்த்தான் மூட்டையைப் பிரிக்க வேண்டும்.

ஆகவே தாமதத்தில் இரண்டு வகை உண்டு. தராசின் முள் நிற்கட்டும் என்று பொறுப்பது ஒன்று, அது நாணயம். எடை தெரிந்த பிறகும் எதிரே நிற்பவர் யாரென்று பார்த்துக்கொண்டு முள்ளைப் பிடித்து வைப்பது மற்றொன்று. நிறுக்கும் முன்னே "சீக்கிரம், சீக்கிரம்" என்று தராசை ஆட்டுவதும் அதே குற்றந்தான். வெளியில் பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். வேறுபாடு நிய்யத்தில் இருக்கிறது.

2015-இல் ஒபாமா அனுமதி மறுத்தார். 2017-இல் டிரம்ப் கொடுத்தார். 2021 ஜனவரியில் பைடன் பதவியேற்ற அன்றே ரத்துச் செய்தார். அவ்வாண்டு ஜூனில் கம்பெனி திட்டத்தையே கைவிட்டது. பதின்மூன்று ஆண்டுகள்! தன் நிலத்தில் குழாய் வருமா வராதா என்று தெரியாத குடியானவனும், வேலை வருமென்று காத்த தொழிலாளியும் அத்தனை காலமும் நடுவில் நின்றார்கள்.

தூரதேசத்தாரைக் குறை சொல்லி முடித்துவிட நமக்கு வாயில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு சிறு சங்கத்தின் நிர்வாகத்தில் இருந்தோம். சங்கக் கட்டிடத்தின் கீழ்ப்பகுதியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர், குத்தகையைப் புதுப்பிப்பீர்களா என்று கேட்டார். புதுப்பிப்பதில்லை என்று நாம் மனத்தில் முடிவு செய்தாயிற்று. ஆனால் அவருக்கு வேண்டிய அங்கத்தினர்கள் பலர். அவர்கள் வாக்கு நமக்கு வேண்டும். "பொதுக்கூட்டம் முடியட்டும்" என்றோம். அவர் நம்பி, வேறிடத்தில் கிடைக்கவிருந்த கடையை விட்டுவிட்டார். கூட்டம் முடிந்தது, நாம் வென்றோம், பிறகு இல்லை என்றோம். அவர் கோபிக்கவில்லை. "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, நானா" என்றார், அவ்வளவுதான்.

அந்தச் சொல் இன்றும் நம் பெயரில் பற்றாக நிற்கிறது. நம்மிடம் பதிலுக்காகக் காத்து நிற்பவர் யாரேனும் உண்டா என்று, இன்றிரவு கடையடைத்துக் கணக்குப் பார்க்கும்போது நாம் ஒவ்வொருவரும் அதையும் சேர்த்துப் பார்ப்போமாக.